சின்னத்தாயியின் கட்டு

மதுரையிலிருந்து டாக்டர் ஞானவேல் வருகிறார், மனோவசியத்தால் வலியைக் குறைப்பார், யார் யாருக்குப் பயன்படும் என்று பட்டியல் எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டர் போய்விட்டார். வேலை நர்ஸ் சகாயராணியின் தலையில் விழுந்தது. அது 1979 ஐப்பசி. கோடைக்கானலில் விடாத மழை.

ஞானவேல் வந்த அன்று எட்டு மணிக்கே ஆஸ்பத்திரி வராந்தா நிறைந்துவிட்டது. ஞானமுத்து தன் மனைவியைக் கூட்டி வந்திருந்தார். வலி அவளுக்கும் இல்லை, அவருக்கும் இல்லை.

"தோட்டத்த விக்கக் கையெழுத்துப் போட மாட்டேங்கிறா சிஸ்டர். மயங்க வச்சு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"இது ஆஸ்பத்திரிங்க. மந்திரவாதி வீடு இல்ல."

அடுத்தவர் காணாமல் போன மாட்டைக் கண்டுபிடிக்கக் கேட்டார். அவருக்கு அடுத்தவர் பீடியை விட வேண்டும் என்றார். சகாயராணி சந்தோஷமாகப் பெயரை எழுதினாள். கூப்பிடும்போது ஆளைக் காணோம். வெளியே பீடி பிடித்துக்கொண்டிருப்பதாக ஆயா வந்து சொன்னாள்.

சின்னத்தாயியின் பெயரை அவள் எழுதவே இல்லை. பேத்துப்பாறைத் தோட்டக் கூலிக்காரி. வெந்நீர் அண்டா சரிந்து வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வருவாள். ஒட்டிய துணியை எடுக்கும்போது அவள் போடும் கூச்சலில் வார்டே எழுந்து உட்காரும். இரண்டு முறை சகாயராணியை உதைத்தும் இருக்கிறாள். ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவளை யார் மயக்க முடியும்?

அன்றும் கட்டு மாற்ற வந்தாள். கூச்சல் கேட்டு டாக்டர் ஞானவேலே எழுந்து வந்தார்.

"கண்ண மூடிக்கங்கம்மா. கடற்கரையில உக்காந்திருக்கீங்க..."

"நான் கடலைப் பாத்ததில்லைங்க."

"சரி, ஒரு பூந்தோட்டம்."

"தோட்டத்துல களைதான எடுப்பேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சகாயராணிக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏந்தாயி, ஒனக்கு எங்கதான் நிம்மதியா இருக்கும்? அதையாவது சொல்லித் தொல."

சின்னத்தாயி யோசித்தாள். "பஸ்ஸுலங்க. சன்னலோர சீட்டு. அங்கதான் யாரும் வேல ஏவ மாட்டாங்க."

டாக்டர் அவளைப் பெருமாள்மலையில் பஸ் ஏற்றினார். தணிந்த குரலில் மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவாக இறக்கினார். அவள் தோள்கள் தளர்ந்தன. சகாயராணி துணியை நனைத்து மெதுவாக உரித்தாள். முகம் சுளித்ததே தவிரக் கூச்சல் இல்லை.

"வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"வலிக்குதுங்க. ஆனா அது பின்னால சீட்டுல கெடக்கு."

மூன்று வாரமாக இதைக் கேட்கத் தோன்றவில்லையே என்று சகாயராணிக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

டாக்டர் அந்த முறையைச் சகாயராணிக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு மதுரைக்குத் திரும்பினார். பிறகு பஸ் ஓட்டுவது அவள் பொறுப்பாயிற்று. கையில் இடுக்கி, வாயில் வளைவுகள். வெளியே காத்திருப்பவர்களின் முணுமுணுப்பு. ஒரு நாள் அவசரமாக ஓட்டினாள்.

சின்னத்தாயி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "ஊத்து ஸ்டாப்புல நிக்காமப் போறீங்க. ஆளு ஏற வேணாமா?"

சகாயராணி பல்லைக் கடித்துக்கொண்டு பஸ்ஸை நிறுத்தினாள்.

தை பிறப்பதற்குள் புண் ஆறியது. தோல் சுருங்கியதில் சுண்டுவிரல் மட்டும் முழுதாக நிமிரவில்லை. ஒரு மாதம் கைக்கு வேலை கொடுக்காதே என்று சகாயராணி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். மறுவாரமே சின்னத்தாயி உருளைக்கிழங்கு தோண்டப் போய்விட்டதாக ஆயா வந்து சொன்னாள். சகாயராணி இடுக்கியைத் தட்டில் போட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.