பதினைந்து நிமிடப் பேச்சு

லிஃப்ட் பழுது பார்க்கும் அந்தக் கம்பெனியில் போனை எடுப்பவள் முதலாளியின் தங்கை. எங்கே லிஃப்ட் நின்றாலும் முதல் திட்டு அவள் காதில்தான் விழும். அண்ணன் புது வேன் வாங்கினான், நவீனக் கருவிகள் வாங்கினான். ஆனாலும் சரிசெய்த லிஃப்ட்டே மறுவாரம் மறுபடி நின்றது.

ஒருநாள் புகார் நோட்டைப் புரட்டியவள் துள்ளி எழுந்தாள். ஒரே ஒரு மெக்கானிக் போன இடங்களிலிருந்து மட்டும் இரண்டாவது போன் வருவதே இல்லை! லேசில் வாயைத் திறக்காத ஆள்; 'ஊமைக்கோட்டான்' என்றுதான் எல்லாரும் அவரைச் சொல்வார்கள்.

"அண்ணா, நம்ம சொத்து வேன்ல இல்ல, அவர் மண்டைக்குள்ள இருக்கு. தினம் காலையில பதினஞ்சு நிமிஷம் எல்லாரும் உக்காந்து, நேத்து என்ன பார்த்தோம்னு பேசட்டும்."

"கதை பேசவா சம்பளம் குடுக்கறேன்?"

"ஒரு மாசம் விடுண்ணா. சரிவரலைன்னா அப்புறம் நான் வாயே திறக்கல."

"அதுக்காகவே விடறேன்" என்று அண்ணன் சிரித்தான்.

முதல் வாரம் கேலியிலேயே கழிந்தது. இரண்டாம் வாரம் ஊமைக்கோட்டான் தொண்டையைச் செருமினார். "ஆஸ்பத்திரி லிஃப்ட்டு மழை பேஞ்சா நிக்கும். கன்ட்ரோல் போர்டுல தேடாதீங்க. மூணாவது மாடிக் கதவுக்கு மேல இருக்கிற கரண்ட் கான்டாக்ட்ல ஈரம் ஏறியிருக்கும்."

அவர் சொன்ன நான்காம் நாளே மழை கொட்டியது. ஆஸ்பத்திரியிலிருந்து அலறல்: ஆபரேஷனுக்குப் போகும் நோயாளியோடு லிஃப்ட் நடுவில் நிற்கிறது! ஊமைக்கோட்டான் ஊரின் மறுகோடியில் இருந்தார், போன் கிடைக்கவில்லை. பக்கத்தில் இருந்தது, சேர்ந்து ஒரு மாதமே ஆன பெண் மெக்கானிக்தான். அந்த ஆஸ்பத்திரியை அவள் பார்த்ததே இல்லை.

"அக்கா, மூணாவது மாடிதானே சொன்னாரு?" என்று போனில் கேட்டாள்.

"ஆமாடி, ஓடு!"

கரண்டை நிறுத்தி, ஈரத்தைத் துடைத்து, கதவைச் சாத்தி, மறுபடி கரண்டைக் கொடுத்தாள். பதினோராவது நிமிடம் போனில் அவள் குரல் கிறீச்சிட்டது. "ஏறிடுச்சுக்கா! ஆளு தியேட்டருக்குள்ள போயாச்சு!"

ஆபீஸே கைதட்டியது. அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தான்.

அந்த மாதம் இரண்டாவது முறை வந்த புகார்கள் நாற்பதிலிருந்து பன்னிரண்டாக இறங்கின. ஆஸ்பத்திரிக்காரர்கள் மீதி ஆறு லிஃப்ட்டையும் அவர்களிடமே ஒப்படைத்தார்கள். அண்ணன் ஊமைக்கோட்டானைப் பயிற்சிப் பொறுப்பாளர் ஆக்கினான். கடிதத்தைக் கையில் வாங்கியவர் இரண்டு தரம் படித்துவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டு, அரைமணி நேரம் விடாமல் பேசினார்.