முப்பத்தோராவது நொடி

இணையத்தில் பத்துத் தடவை பாட்டு ஓடினால் ஒன்பது தடவை முப்பத்தோராவது நொடியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று பாட்டுக் கம்பெனி மேலாளர் கணினியில் ஒரு கோட்டைக் காட்டிய நாளிலிருந்து பாடகிக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வரை சமத்தாக வந்த கோடு, அதற்குப் பிறகு மாடிப்படியில் கால் தவறியதுபோல விழுந்து கிடந்தது. பல்லவி வருவதோ முப்பத்தைந்தாவது நொடியில். அந்தப் பல்லவிக்காக அவள் எட்டு மாதம் நாயாய் அலைந்திருந்தாள்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த இடத்தில்? டிரம்ஸ்காரரிடம் சண்டை போட்டாள். அவர் ஒலிப்பதிவாளரைக் கைகாட்டினார். ஒலிப்பதிவாளரோ, இருபத்தொன்பதாவது நொடியில் இவள் மூச்சு வாங்குவது கேட்கிறது என்று பழியை இவள் தலையிலேயே கட்டினார். மூன்று வாரமாக மூச்சு விடுவதற்கே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது பாட்டு உண்டா இல்லையா என்பதை வெள்ளிக்கிழமை சொல்வதாக மேலாளர் சொல்லியிருந்தார். அன்று காலையிலேயே ஆபீசுக்குக் கூப்பிட்டு, இல்லை என்று சொல்லியும் விட்டார்.

"ஜனங்க பல்லவி வரைக்கும் நிக்கவே மாட்டேங்குறாங்கம்மா. நான் என்ன பண்ணட்டும்?"

எரிச்சலும் அழுகையுமாக வீட்டு வாசலுக்கு வந்தவளுக்கு உள்ளே தன் குரலே கேட்டது. தொடக்கத்து நாலு வரி ஓடி நின்றது. மறுபடியும் அதே நாலு வரி.

சமையலறை அலமாரியில் நாலு கைபேசிகள் வரிசையாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. இரண்டு அக்கம்பக்கத்தில் இரவல். அம்மா வெங்காயம் உரித்தபடி, சுவர்க்கடிகாரத்தில் ஒரு கண் வைத்து, ஒவ்வொன்றையும் தட்டிக்கொண்டிருந்தாள். ஆயத்த ஆடை ஆலையில் இருபது வருடமாகக் காலர் மட்டும் தைப்பவள். முழுச் சட்டை எப்படி வருகிறது என்று கவலைப்பட்டதில்லை. முழங்கால் வலி என்று மூன்று வாரமாக லீவில் இருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"உன் பாட்டைத்தான் ஓட்டுறேன். முப்பது செகண்ட் ஓடினா ஒரு தடவை கேட்ட கணக்காம், பக்கத்து மெஷின்காரி சொன்னா. அதுக்கு மேல எதுக்கு வீணா ஓடணும்? முழுசா ஒண்ணு ஓடுற நேரத்துல ஏழு போட்டுடலாம்ல."

பாடகிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அடித்தும் கொண்டாள். உடனே மேலாளரைக் கூப்பிடக் கைபேசியை எடுத்தாள். ஓடிப்போனது ஜனங்கள் இல்லை சார், எங்கம்மா என்று சொல்லலாம். அப்படியானால் ஜனங்கள் எத்தனை பேர் என்று கேட்பாரே? பத்தில் ஒன்பது அம்மா. மிச்சம் ஒன்று. கைபேசியை வைத்துவிட்டாள்.

"பாட்டாவது உனக்குப் பிடிச்சிருக்கா?" என்று கடுப்போடு கேட்டாள்.

பிடிக்காமல் என்ன என்று சொல்லிவிட்டு அம்மா பாடியே காட்டினாள். நாலு வரி, சுருதி பிசகவில்லை. மகள் மூச்சு வாங்கும் இடத்தில் அவளும் வாங்கினாள். அதோடு நிறுத்தி, அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

பாடகி மூன்று கைபேசிகளை அணைத்தாள். நாலாவதில் சத்தத்தைக் கூட்டி, பாட்டை முதலிலிருந்து போட்டாள். முப்பத்தோராவது நொடியில் அம்மாவின் விரல் தன்னால் நீண்டது. மகள் அந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தாள்.

பல்லவி வந்தது. கையை உருவப் பார்த்த அம்மா, அப்படியே நின்றுவிட்டாள். சரணம் வந்தது. பல்லவி திரும்பவும் வந்தது. பாட்டு முழுவதும் முடிந்த பிறகுதான் அம்மாவுக்கு வாய் திறந்தது.

"இதையா கண்ணு நான் மூணு வாரமா நிறுத்திக்கிட்டே இருந்தேன்?"

பாடகி பிடித்த கையை விடவில்லை.