அரம் பட்ட டாலர்

தேவாலயத்தின் கீழ்த்தள அறையில், காபிக் குவளைகளுக்கு நடுவே ஆர்லோ கைக்குட்டையைப் பிரித்து அந்த நாணயத்தை வைத்தபோது, வெண்டல் தன் குவளையை ஓரமாகத் தள்ளிவிட்டுக் குனிந்தார். 1794. கூந்தல் விரித்த சுதந்திர தேவி. அமெரிக்கா அடித்த முதல் வெள்ளி டாலர். அதற்குப் பின் வந்த வருஷத்து டாலர்களையெல்லாம் முப்பத்திரண்டு ஆண்டுகளாகத் தேடித் தேடிச் சேர்த்தவர் வெண்டல். இது ஒன்றுதான் கைக்கு எட்டவில்லை. டிராக்டர் பழுதுபார்க்கும் ஆர்லோ இந்த நாணயச் சங்கத்தில் சேர்ந்தே ஒன்றரை வருஷம்தான் ஆகிறது.

"என் பொஞ்சாதி ஜுனீட்டாவுக்குன்னு பண்ணை ஏலத்துல ஒரு டப்பா பொத்தான் வாங்கினேன். அடியில இது கெடந்துச்சு" என்று ஆர்லோ சிரித்தார். "நீ சொல்லு வெண்டல். அசலான்னு சோதிக்க அனுப்பட்டுமா?"

அந்த வட்டாரத்தில் நாணயம் என்றால் வெண்டல் வைத்ததுதான் சட்டம். உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டார். தேவியின் கன்னத்தில் அரம் ராவிய மெல்லிய கோடுகள். எடை கூடிய வெள்ளித் தகட்டை அரத்தால் ராவிக் குறைத்த பிறகே அச்சடிப்பது அந்தக் காலத்து நாணயச்சாலை வழக்கம். கோடுகளின் மேல்தான் அச்சு விழுந்திருந்தது. அசல். எள்ளளவும் சந்தேகமில்லை.

"எவனோ அரத்தால ராவியிருக்கான் பாரு" என்று தன் குரல் சொல்வதை வெண்டலே கேட்டார். "போலி. அனுப்பிக் காசைக் கரியாக்காத."

ஆர்லோவின் முகம் ஒரு நொடி வாடியது. "நல்லவேளை, ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கறதுக்கு முன்னாடி உன்கிட்ட காட்டினேன்" என்று மறுபடி சிரித்தார். கைக்கு வந்தது போனபிறகும் சிரிக்க முடிகிற அந்த மனசைக் கண்டு வெண்டலுக்கு இன்னும் எரிந்தது.

கொஞ்ச நாள் கழித்து, 'போலி எப்படி இருக்கும்னு காட்ட ஒண்ணு வேணும், எனக்கே குடுத்துடேன்' என்று ஆர்லோவிடம் கேட்டுவிடலாம் என்பது வெண்டலின் கணக்கு. சவரம் செய்யும்போது கண்ணாடி முன் நின்று அந்த வாக்கியத்தை இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

மூன்றாவது ஞாயிறு, அறுவடை விருந்தில் ஜுனீட்டா எதிரே வந்தாள். கழுத்துச் சங்கிலியில் அந்த 1794 டாலர் தொங்கியது. எந்திரத்தில் கொடுத்துத் தேய்த்த புது வெள்ளி மினுக்கம். தேவியின் நெற்றிக்கு மேல் துளை.

நாணயம் சேர்ப்பவர்களுக்கு இனி அது வெறும் வெள்ளித் துண்டு.

"போலின்னு நீங்க சொன்னதாலதான் துணிஞ்சு ஓட்டை போட்டாரு. இல்லேன்னா பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டியிருப்பாரு, உங்கள மாதிரி" என்று சிரித்தாள் ஜுனீட்டா. "நாப்பது வருஷத்துல அவர் கையால எனக்குச் செஞ்ச முதல் நகை. தொட்டுத்தான் பாருங்களேன்."

சொல்லிவிடலாம். இப்போதே சொல்லிவிடலாம். வெண்டல் கையை நீட்டினார். சங்கிலி குட்டையாக இருந்ததால் அவள் கழுத்தருகே குனிய வேண்டியிருந்தது. டாலர் அவள் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் தோளுக்கு அப்பால், இரண்டு கைகளிலும் பூசணிப் பலகாரத் தட்டுகளை ஏந்தியபடி ஆர்லோ நின்றிருந்தார், நண்பன் என்ன சொல்லப்போகிறான் என்று ஆவலோடு பார்த்துக்கொண்டு.