தகட்டின் முதுகு

தகட்டுக்காரருக்குக் கண் போய்விட்ட விஷயம் அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். கண் டாக்டரைச் சேர்த்தால் மூன்று பேர்.

நாற்பது வருடமாகச் சேர்த்த நூற்றுப் பன்னிரண்டு செப்புத் தகடுகள் அவருடையவை. பழைய புத்தகங்களுக்குப் படம் அச்சடிக்கக் கோடு கோடாகச் செதுக்கியவை. அவை அருங்காட்சியகத்துக்குப் போவது முடிவாகிவிட்டது. கூடவே அவரும் போய் ஒவ்வொன்றுக்கும் குறிப்பு எழுதுவாரா என்பதுதான் பாக்கி. அதைத் தீர்மானிக்க அதிகாரியம்மா இன்று காலையில் வருகிறார்.

"தகடு போய் நான் மட்டும் வீட்டில கிடந்தா ஒரு மாசம் தாங்க மாட்டேன்" என்று மனிதர் சொல்லியிருந்தார். சும்மா சொல்கிறவர் இல்லை.

எனவே கண் தெரிகிற மாதிரி நடிக்க மனைவியோடு ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. மேல்தட்டில் முதலாவது துறைமுகம், இரண்டாவது ஆந்தை என்று எல்லாம் மனப்பாடம். அந்தப் புண்ணியவதி செய்த ஒரே தப்பு, ஆள் வரும் வீடாயிற்றே என்று விடிந்ததும் அலமாரியைத் துடைத்ததுதான். வரிசை மாறவில்லை. முதல் தகட்டை மட்டும் படம் சுவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டாள்.

அதிகாரியம்மா வந்ததும் தகட்டுக்காரர் அந்த முதல் தகட்டை வழக்கம்போல் ஓரத்தை மட்டும் பிடித்து எடுத்தார். விரல் பட்டால் செம்பு கறுக்கும் என்று யாரையும் தொட விடாதவர். "கப்பலைப் பாருங்கம்மா, என்ன அழகு!" என்று வெறும் செம்பை ரசித்தார்.

அதிகாரியம்மா தகட்டைப் பார்த்தார், பிறகு அவர் கண்களைப் பார்த்தார்.

"தப்பு என்மேலதாம்மா!" மனைவி பதறிவிட்டாள். "நான்தான் திருப்பி வெச்சிட்டேன். அவருக்குத் தெரியாது... தெரியலை..."

தகட்டுக்காரரின் முகம் வெளுத்துப் பிறகு மெல்லத் தெளிந்தது.

"பின்பக்கமா? அப்போ விரல் வைக்கலாம்." கட்டைவிரல் ஊர்ந்துபோய் நின்றது. "செதுக்கினவன் இங்க நெடுக்கச் சுத்தியலால தட்டியிருக்கான். தப்பாச் செதுக்கினதைச் சுரண்டினா முன்னால பள்ளம் விழும். பின்னால தட்டி மேடாக்கி மறுபடி செதுக்குவாங்க. நாலாவதா ஒரு பாய்மரம் போட்டு அழிச்சிருக்கான். திருப்பிப் பாருங்க, அந்த இடத்துல வானம் மங்கலா இருக்கும்."

அதிகாரியம்மா திருப்பினார். மூன்று பாய்மரம், பக்கத்தில் மங்கலான வானம்.

"எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் கண்ணு நல்லாத்தான் இருக்கு ஐயா. ஒருத்தரும் தகட்டைத் திருப்பினதில்லை" என்றார் அதிகாரியம்மா. "திங்கக்கிழமை வந்துடுங்க. நீங்க சொன்னா போதும், எழுத ஆள் போடறேன்."

"ஆள் எதுக்கு? நான் எழுதறேன்" என்றாள் மனைவி.

"உன் கையெழுத்தையா? படிக்கவே முடியாதே!"

"நீங்களா படிக்கப் போறீங்க?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவரோ, டாக்டர் வீட்டிலிருந்து திரும்பிய நாள் முதல் கேட்காத அந்தப் பழைய சிரிப்பை வாய்விட்டுச் சிரித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது தகட்டை எடுத்து நீட்டினாள், முதுகுப் பக்கம் மேலாக.