தெருமுனையில் கேட்கும் வண்டி

ஆண்டனிராஜுக்குப் பேட்டரி வண்டி என்றாலே ஆகாது. செம்பட்டியில் பதினைந்து வருடமாகப் பெட்ரோல் பைக்குகளைப் பிரித்து மாட்டுகிறவன். எந்த வண்டி வந்தாலும் ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கிக் காதைக் கொடுத்தால் போதும், நோய் எங்கே என்று சொல்லிவிடுவான். “சத்தமே போடாத வண்டிக்கு மெக்கானிக் எதுக்கு?” என்று அவன் நக்கலடித்துக்கொண்டிருந்த நாளில்தான், அவன் மனைவி பிரிஸ்கில்லா திண்டுக்கல் பயிற்சி மையத்தில் பேட்டரி வண்டிப் படிப்புக்குப் பேர் கொடுத்தாள். “நீங்களும் வாங்க, ரெண்டு பேருமாப் படிப்போம்” என்று கூப்பிடத்தான் செய்தாள். இவன்தான் பெரிய துரையாட்டம் போகவில்லை.

படித்து முடித்த கையோடு ஓசூர்ப் பக்கம் ஒரு ஸ்கூட்டர் தொழிற்சாலை அவளை எடுத்துக்கொண்டது. பெண்கள் மட்டுமே வேலை செய்கிற இடம், தங்குவதற்கு விடுதி. போன வருடம் ஈஸ்டர் முடிந்து பஸ் ஏறியவள், கிறிஸ்துமஸுக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனதோடு சரி. மேட்டுப்பட்டி வீட்டில் தனியாகப் பொங்கித் தின்னும்போதுதான் தான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று அவனுக்கு உறைத்தது. அவள் இல்லாத வீட்டுக்குள் நுழையவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

முன்பெல்லாம் அவன் பைக் தெருமுனையில் திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். சைலன்சரில் ஓட்டை, தெருவுக்கே தெரியும். அந்தச் சத்தம் கேட்டதும் தோசைக்கல்லை அடுப்பில் போடுவாள். இவன் கையைக் கழுவிவிட்டு உட்காரவும் முதல் தோசை தட்டில் விழவும் சரியாக இருக்கும். இப்போது விடுதியிலிருந்து சாயங்காலம் போன் போட்டால் எல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் கேட்பாள்: “வண்டியச் செத்த முறுக்குங்க, கேக்குறேன்.” இவனும் வாசலில் நின்று போனை சைலன்சர் பக்கம் நீட்டிக்கொண்டு முறுக்குவான். எதிர்வீட்டு மிக்கேல்ராஜ் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். “ஏலே ஆண்டனி, அவளப் போயிப் பாத்துட்டுத்தான் வாயேன்டா. எங்க உசுர ஏன் வாங்குற?”

அந்த நேரத்தில்தான் சேதி வந்தது. மையத்தில் அடுத்த வகுப்பு ஆரம்பிக்கிறது, தேர்வில் முதலில் வருகிற இரண்டு பேருக்கு ஓசூர் சர்வீஸ் சென்டரில் வேலை. ஆண்டனிராஜ் ரோஷத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றான். தன்னைவிட வயதில் சின்னவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்து வோல்ட், ஆம்பியர் என்று மனப்பாடம் செய்தான். “ரூம் ஒண்ணு பாத்து வைக்கவா?” என்று பிரிஸ்கில்லா கேட்டபோது, “இன்னைக்கே பாரு” என்றான்.

பயிற்சி கொடுத்தது யுவராணி. தினமும் அவள் சொன்னது ஒன்றுதான். “அண்ணே, சத்தம் இல்லங்கிறதால வண்டி சும்மா நிக்குதுன்னு நெனச்சிராதீங்க. ரெடி விளக்கு எரிஞ்சா அது ஓடுற வண்டி. ஆக்சிலேட்டரத் தொடுறதுக்கு முன்னாடி நடு ஸ்டாண்டப் போட்டுருங்க.” தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் அதைச் சொல்லியிருப்பான்.

தேர்வன்று அவனுக்குக் கொடுத்த ஸ்கூட்டர் கிளம்பவே இல்லை. மீட்டரை வைத்து ஒயர் ஒயராகப் பார்த்துக்கொண்டே போனான். மோட்டாருக்குப் போகும் இணைப்பு ஒன்று கழன்றிருந்தது. மாட்டினான், ரெடி விளக்கு பச்சையாக எரிந்தது. மற்றவர்கள் இன்னும் திருகிக்கொண்டிருந்தார்கள், இவன்தான் முதலில் முடித்தான். ஓசூரில் அந்த அறையின் கதவைத் தட்டுவதுகூட மனதில் வந்துவிட்டது. சந்தோஷமாக வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். பதினைந்து வருடமாக எந்த வண்டியைச் சரிசெய்தாலும் கடைசியாகச் செய்கிறதைச் செய்தான். பக்கத்தில் நின்றபடியே தலையைச் சாய்த்து, கேட்பதற்காக ஒரு முறுக்கு முறுக்கினான்.

வண்டி அவன் கையை உதறிக்கொண்டு பாய்ந்து சுவரில் மோதியது. முன்பக்கம் பெயர்ந்து விழுந்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை.

யுவராணி ஓடிவந்து சாவியைத் திருப்பி வண்டியை அணைத்தாள். பிறகு, “வேலையில ஒரு குறையும் இல்லண்ணே. ஆனா முன்னாடி ஒரு ஆள் நின்னுருந்தா?” என்றாள். தேர்வுப் பட்டியலில் அவன் பேரை அடித்தாள். அடுத்த வகுப்புக்கு வரச் சொன்னாள். அது எப்போது என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் நின்று போனில் பிரிஸ்கில்லாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான்.

“எதுக்கு முறுக்குனீங்க?”

“சத்தம் கேக்கணும்னு தோணுச்சு. கை முந்திருச்சு புள்ள.”

“நாந்தான் தெனமும் முறுக்கச் சொல்லிக் கெடுத்துட்டேன்.”

“அதெல்லாம் இல்ல. ஒன்னாலயா முறுக்குனேன்?” அவனுக்கு அழுகை வந்தது. “ரூம் பாத்துட்டியா?”

“பாத்தேன். ஜன்னல் தெருவப் பாத்து இருக்கு.” பிறகு கேட்டாள்: “நம்ம வண்டி அங்க நிக்குதா?”

“நிக்குது.”

“தெருமுனைக்குப் போங்க. அங்கருந்து ஓட்டிட்டு வாங்க. போனக் கட் பண்ணாதீங்க.”

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான். முனையில் திருப்பி, பூட்டிக்கிடந்த தன் வீட்டை நோக்கி மெதுவாக வந்தான். மிக்கேல்ராஜ் ஜன்னலில் நின்றார், சாத்தவில்லை. வாசலில் வண்டியை அணைத்துவிட்டுப் போனைக் காதில் வைத்தான்.

“வந்துட்டீங்களா,” என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. “கல்லப் போட்டுட்டேன். கையக் கழுவிட்டு வாங்க.”

ஆண்டனிராஜ் பூட்டைத் திறந்து உள்ளே போய், நிஜமாகவே கையைக் கழுவினான்.