சிவப்புக் கோடு போட்ட ட்சாட்சா

2019 நவம்பர் 12 காலை, பாரோ பள்ளத்தாக்கில் தக்ஸாங் மடத்துக்கு ஏறும் பாதையோரப் பாறை இடுக்கிலிருந்து ஒரு ட்சாட்சா எடுக்கப்பட்டது.

கட்டைவிரல் உயரத்தில் களிமண்ணில் அச்சடித்த குட்டி ஸ்தூபி அது. இறந்தவரின் எலும்பைப் பொடித்து மண்ணோடு பிசைந்து செய்வார்கள். பாறைக்கடியில் வைத்த பிறகு யாரும் தொடுவதில்லை.

எடுத்தவர் ஆன்னெகே. நெதர்லாந்திலிருந்து தனியாக வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. மலையேறும்போது இடுக்கின் முன் நின்று, "இதெல்லாம் என்ன?" என்று கேட்டிருந்தார்.

"ஆசீர்வாதம் மேடம்" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி தோப்கே முன்னால் நடந்தான். எலும்பு என்று சொல்லியிருந்தால் யாருடையது என்ற கேள்வி வந்திருக்கும். அவை அவன் மனைவி சிதாருடையவை. போன குளிர்காலத்தில் அவனே பிசைந்து செய்தான். மற்றவர்கள் சுண்ணாம்போ காவியோ பூசுவார்கள். அவன், அவள் மிச்சம் வைத்திருந்த நகப்பூச்சால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சிவப்புக் கோடு இழுத்தான். லாமா பார்த்தார், தடுக்கவில்லை.

அதன் பிறகு தோப்கே இடைவெளி விடாமல் பயணிகளை ஏற்றுக்கொண்டான். வழிகாட்டிகளுக்கு ஓட்டல்களில் ஒதுக்கும் அறைகளில் தூங்கினான். வீட்டுச் சாவி அக்கம்பக்கத்தில் யாரிடமோ இருந்தது.

மறுநாள் காலை விமான நிலையத்துக்குப் போகும் வழியில், ஆன்னெகே கம்பளித் துண்டு ஒன்றைப் பிரித்துக் காட்டினார்.

"ஆசீர்வாதம்னு சொன்னீங்களே, ஒண்ணு எடுத்துக்கிட்டேன். தப்பில்லையே? எங்க வீட்டுச் சமையலறை ஜன்னல்ல வைக்கப் போறேன்."

சிவப்புக் கோடு தெரிந்தது. வண்டி ஓட்டிய லேக்கி கண்ணாடியில் பார்த்துவிட்டுத் தங்கள் மொழியில் சொன்னான்:

"அண்ணே, அது அண்ணிதானே?"

"ரோட்டப் பாத்து ஓட்டு."

"ஓட்டுறேன். நீங்க வாயத் திறந்து கேளுங்க. எத்தனை நாட்டுக் கிழவிங்ககிட்ட எத்தனை ராஜா கதை அளந்திருக்கீங்க, இத ஒரு வரி சொல்ல முடியாதா?"

"சொல்றேன்டா. இறங்கினதும் சொல்றேன்."

"இறங்கினா அவங்க உள்ள போயிடுவாங்க. அண்ணி டிக்கெட் இல்லாம ஏறிடுவாங்க, பாத்துக்குங்க."

தோப்கே வெளியே பார்த்தான். ஓடுபாதை வேலியை ஒட்டி மிளகாய் வயல்கள். விமானம் இறங்கும்போதெல்லாம் சிதார் களைக்கொத்தைப் போட்டுவிட்டு நிமிர்வாள். அது எங்கிருந்து வருகிறது என்று மாலையில் அவனிடம் கேட்பாள். பாங்காக் என்பான், டெல்லி என்பான். அவள் ஒருமுறைகூட ஏறியதில்லை.

விமான நிலையத்தில் வழிகாட்டிகள் வாசலைத் தாண்டக் கூடாது. லேக்கி பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுத் தோப்கேயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆன்னெகே கைகொடுத்தார்.

"மேடம், அந்த ட்சாட்சா..."

"திருப்பிக் கொடுக்கணுமா?" அவர் உடனே பையைத் திறந்தார்.

தோப்கே வேண்டாம் என்று கையசைத்தான்.

"சமையலறையில வேண்டாம். வெளியில, உயரமான இடத்துல வைங்க. மழை படணும்."

"மண்ணாச்சே, கரைஞ்சு போயிடுமே?"

"கரையத்தான் வைக்கிறது. அதுல என் மனைவி இருக்காங்க. எலும்பு."

ஆன்னெகேயின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. "ஐயோ, எனக்குத் தெரியாதே. நீங்களே வச்சுக்குங்க."

"இல்ல. கொண்டு போங்க. அவங்க பேரு சிதார்."

அந்தப் பெயரை அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். துண்டை மறுபடி சுற்றி, கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

வண்டிக்குத் திரும்பியதும் லேக்கி கேட்டான். "வாங்கிட்டீங்களா?"

"இல்ல."

அவன் வண்டியைக் கிளப்பினான்.

விமானம் பத்தரைக்குக் கிளம்பி மலைகளுக்கு இடையே திரும்பியது. அடுத்த பயணிகள் குழு வர இரண்டு நாள் இருந்தது. தோப்கே சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனான்.