அடி கிளாஸ்

எங்கள் தோட்டத்தில் பூவெடுக்கிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு உடம்பு முடியவில்லையோ, டீ கேனில் இருக்கும் கடைசி கிளாஸ் அவளுக்கு. அடி கிளாஸ் என்று அதற்குப் பேர். பாசத்தில் கொடுப்பது. அந்தப் பாசம் என்னைப் பாடையில் ஏற்றப் பார்த்தது.

சாணார்பட்டிப் பக்கம் முருகேசன் தோட்டத்தில் மல்லிகை எடுக்கிற கூட்டம் நாங்கள். மொட்டு வாய் திறப்பதற்குள் திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் குனிந்த முதுகை நிமிர்த்த விடமாட்டார் மனுஷன். எவளாவது மாத்திரை போடுவதைப் பார்த்துவிட்டால் போதும். "முடியலைன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதான? இங்க என்ன சோலி?" என்பார். மறுநாள் அவள் நிரையில் வேறொருத்தி நின்று பூவெடுத்துக்கொண்டிருப்பாள்.

அதற்குச் சின்னக்கண்ணு அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். கூட்டத்தில் மூத்தவள், நாங்கள் எல்லாரும் அவள் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். வலிக்கும் காய்ச்சலுக்கும் போடுகிற மாத்திரை ஆளுக்கொன்று கொண்டுவந்து அவள் கையில் கொடுப்போம். டம்ளர் அடியால் நுணுக்கிப் பொடியாக்கி, டீ கேனில் கொட்டிக் கலக்கிவிடுவாள். டீ முருகேசன் செலவு, மாத்திரை எங்கள் செலவு. பார்க்கிறவருக்கு நாங்கள் டீ குடிக்கிறோம், அவ்வளவுதான்.

பொடி டீயில் சரியாகக் கரையாது. அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது தெரிந்ததால்தான் அடி கிளாசுக்கு அத்தனை மரியாதை. மேலே உள்ளதைக் குடித்தவர்களுக்கு வலி கேட்காது. "பத்தலடி" என்று ஆளுக்கு இரண்டாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அதுவும் அடிக்குத்தான் போனது.

போன மாசம் எனக்குக் காய்ச்சல். சோறு இறங்கவில்லை, ஆனாலும் நிரையை விட்டுக்கொடுக்க மனசில்லாமல் போய்க்கொண்டிருந்தேன். தினமும் அடி கிளாஸ் எனக்குத்தான். "குடி மலரு, ஒனக்குன்னு வச்சிருக்கோம்" என்று சீனியை அள்ளிப்போட்டுக் கொடுத்தாள் சின்னக்கண்ணு அக்கா. பெற்ற தாய்கூட அப்படி ஊட்டியதில்லை. குடிக்கக் குடிக்கக் காய்ச்சல் இறங்கியது. பிறகு வாந்தி ஆரம்பித்தது. கடைசியில் கண்ணெல்லாம் மஞ்சள். என் வீட்டுக்காரர் கண்ணன் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"மாத்திரை ஏதும் சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"மாத்திரைய நான் முழுங்கவே இல்லம்மா" என்றேன். நான் பொய் சொல்லவில்லை. குடித்தது டீ. டீயைப் போய் யார் மாத்திரை என்பார்கள்?

மஞ்சளுக்குக் காரணம் தேடி ரத்தம் ரத்தமாக எடுத்தார்கள். அப்புறம் ஒருநாள் பேச்சுவாக்கில் அடி கிளாசைப் பற்றி நான் சொல்ல, டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பொடியாக்கிட்டா அது மாத்திரை இல்லைன்னு ஆயிருமா? முழுசா முழுங்கினாலும் கரைச்சுக் குடிச்சாலும் கணக்கு ஒண்ணுதான். ஒரு வேளைக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு இருக்கு. முழுங்க முடியலையா, நுணுக்கலாமான்னு எங்கள்ட்ட கேட்டுட்டு, ஒன்னோட மாத்திரைய ஒன்னோட டம்ளர்ல போட்டுக் குடி. ஊரு மாத்திரையெல்லாம் ஒரே ஆளு வயித்துல போனா ஈரல் என்னத்துக்கு ஆகும்? அதுவும் காய்ச்சல்ல, சோறு திங்காம!"

பிழைத்தது என் தலையெழுத்து. தேறி, தோட்டத்துக்குத் திரும்பிப் போனதும் முதல் வேலையாக எல்லாரிடமும் சொன்னேன். ஒருத்தி காதிலும் ஏறவில்லை.

"நாங்களுந்தான் குடிக்கிறோம். எங்களுக்கு என்னடி ஆச்சு?" என்றாள் சின்னக்கண்ணு அக்கா.

"நீங்க குடிக்கிறது மேல்தண்ணி. பூராத்தையும் அடியில விட்டுட்டு எனக்கு ஊத்துனீங்க."

சிரித்தார்கள். உயிர் போய் வந்தவளைப் பார்த்து எப்படித்தான் சிரிப்பு வந்ததோ.

அந்த வாரமே பவித்ராவுக்குக் காய்ச்சல். கல்யாணமாகி வந்த புதுப்பெண், எங்களில் சின்னவள். சோறு வெஞ்சனத்தைக் கண்டாலே குமட்டுகிறது என்று தூக்குவாளியைத் திறக்காமலே கிடந்தாள். கேன் காலியானது. சின்னக்கண்ணு அக்கா அதைச் சாய்த்து, வழித்து, அடி கிளாசை நிரப்பி அவளிடம் நீட்டினாள். நான் பிடுங்கிச் செடி மூட்டில் கொட்டினேன். கிளாசின் அடியில் வெள்ளையாக, சுண்ணாம்பு போல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதப் பாருங்க! இது டீயா?"

எவளும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்கள்.

"நீ குடிக்கையில இனிச்சுச்சு. அவ குடிக்கையில கசக்குதாக்கும்?" என்றாள் சின்னக்கண்ணு அக்கா.

பவித்ரா அழுதாள். "எனக்குன்னு குடுத்ததக் கொட்டிட்டியேக்கா."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவள் கன்னத்தில் ஒன்று விட்டிருப்பேன். காய்ச்சல்காரியை எப்படி அடிப்பது?

மறுநாளும் அதற்கு மறுநாளும் பவித்ரா வேலைக்கு வரவில்லை. மனசு கேட்காமல் அவள் வீட்டுக்குப் போனேன். வலது விலாவைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சின்னக்கண்ணு அக்கா, கையில் கஞ்சிக் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் அதே வெள்ளை.

"வேளாவேளைக்கு நாந்தான் வந்து குடுக்கிறேன்" என்றாள் பெருமையாக. "நீ கொட்டுனதுக்கும் சேத்து."

ஆட்டோவைக் கூப்பிட்டேன். சின்னக்கண்ணு அக்காவும் ஏறிக்கொண்டாள். பவித்ராவின் தலையை மடியில் போட்டுக்கொண்டு வழி நெடுக அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் மூஞ்சியில் காறித் துப்பிவிட்டுப் போயிருப்பேன்.

ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மலரு, பொடியப் பத்தி வாயத் தொறந்துராத தாயி. மொதலாளி காதுக்குப் போச்சுன்னா டீய நிறுத்திருவாரு. அம்புட்டுப் பேரு பொழப்பும் நாறிப்போகும்."

அதே டாக்டரம்மா. அதே கேள்வி.

"மாத்திரைய நான் முழுங்கவே இல்லம்மா" என்றாள் பவித்ரா.

சின்னக்கண்ணு அக்கா என் விரல்களை நெரித்தாள்.

"கஞ்சியில போட்டுக் குடிச்சிருக்கா டாக்டர்" என்றேன். "டீயிலயும். பொடியா."

டாக்டரம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நர்சைக் கூப்பிட்டு, ஈரலைக் காப்பாற்றுகிற மாற்று மருந்தை அப்போதே ஊசியில் ஏற்றச் சொன்னார். சின்னக்கண்ணு அக்கா என் கையை உதறிவிட்டாள்.

சேதி முருகேசன் காதுக்குப் போகத்தான் செய்தது. "என் டீயில விஷம்னு ஆஸ்பத்திரியில போய்ச் சொன்னவளுக்கு இங்க வேலையில்ல" என்றுவிட்டார். டீயையும் நிறுத்திவிட்டார். இப்போது வேலிப் பக்கம் ஒதுங்குவதுபோல் போய், தண்ணீர்கூட இல்லாமல் மாத்திரையை மென்று முழுங்குகிறார்களாம். ஒரு வாய் டீ இருந்தது, அதையும் நான் கெடுத்துவிட்டேன் என்று ஊர் பூராவும் பேச்சு. நான் செத்திருந்தால் நல்லவளாகவே செத்திருப்பேன்.

பவித்ரா தேறிவிட்டாள். என் நிரையில் இப்போது அவள்தான் பூவெடுக்கிறாள். நேற்று பஸ் ஸ்டாப்பில் எதிரே வந்தவள், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பட்டும். திருப்புவதற்குள் அவள் கண்ணைப் பார்த்துவிட்டேன். வெள்ளையாகத்தான் இருக்கிறது.